மீயொலித் திசை ஒலிபெருக்கி

மீயொலித் திசை ஒலிபெருக்கி என்பது, மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை ஊர்தியாகக் கொண்டு, கேட்கக்கூடிய ஒலியைக் குறுகிய கற்றையாக ஒரு திசையில் செலுத்தும் கருவி ஆகும். கைவிளக்கின் ஒளி சுவரில் ஒரு வட்டத்தில் மட்டும் விழுவது போல, இக்கருவியின் ஒலி அது நோக்கும் இடத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். இரண்டடி விலகி நிற்பவருக்கு மிகவும் தணிந்து கேட்கும். கருவியிலிருந்து புறப்படும்போது அந்த ஒலி ஒலியாக இருப்பதில்லை. கேட்கும் ஒலி, கருவிக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள காற்றிலேயே உருவாகிறது. இதன் அடிப்படையான இயற்பியல் அமைப்பு பாராமெட்ரிக் வரிசை என அழைக்கப்படுகிறது.

சாதாரண ஒலிபெருக்கி ஏன் குவிவதில்லை

ஓர் அலை எவ்வளவு குறுகிய கற்றையாகச் செல்லும் என்பது, அலைநீளத்துக்கும் அதனை வெளியிடும் பரப்பின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. வட்டமான பரப்பு ஒன்றிலிருந்து செல்லும் கற்றையின் மைய அச்சுக்கும், ஒலி முதன்முதலாகச் சுழியாகும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் மதிப்பு, 1.22 ஐ அலைநீளத்தால் பெருக்கி விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது.

20 பாகை செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். எனவே 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34.3 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒலிபெருக்கிக்கு மேற்கண்ட கணக்கைச் செய்தால் விடை 1 ஐத் தாண்டிவிடும். சைன் மதிப்பு 1 ஐத் தாண்ட இயலாது. அதாவது, ஒலி சுழியாகும் திசையே இல்லை, முன்புறம் எங்கும் பரவுகிறது என்பது பொருள். அதே ஒலியை 5 பாகைக்குள் அடக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 4.8 மீட்டர் விட்டமுள்ள ஒலிபெருக்கி வேண்டும். 100 ஹெர்ட்சுக்கு அது 48 மீட்டர் ஆகும்.

மாறாக, 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளம் 8.6 மில்லிமீட்டர் மட்டுமே. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டு அதனை 3 பாகைக்குள் அடக்கிவிடும். குறுகிய கற்றை மீயொலிக்கு எளிது. ஆனால் மீயொலி காதில் விழாது. இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது காற்றின் ஒரு குறைபாடு.

காற்றின் நேரியலற்ற தன்மை

பள்ளிப் பாடநூல்களில் ஒலி அலைகள் ஒன்றையொன்று பாதிக்காமல் கடந்து செல்லும் எனவும், ஒலியின் வேகம் அதன் வீச்சைச் சார்ந்ததன்று எனவும் படிக்கிறோம். இவை தணிந்த ஒலிகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் தோராயங்களே. உண்மையில், காற்று அழுத்தப்படும்போது அதன் வெப்பநிலை சற்று உயர்கிறது. அத்துடன் காற்றுத் துகள்களும் அலை செல்லும் திசையில் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கின்றன. இவ்விரு காரணங்களால் அலையின் முகடு அதன் அகட்டைவிடச் சற்று விரைவாகச் செல்கிறது. காற்றில் இந்தக் கூடுதல் வேகம், துகள் வேகத்தின் 1.2 மடங்கு ஆகும்.

இது எவ்வளவு பெரிய விளைவு? 130 டெசிபெல் அளவுள்ள மீயொலியில் துகள்களின் பெரும வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.22 மீட்டர், எனவே முகட்டின் கூடுதல் வேகம் நொடிக்கு 0.26 மீட்டர். ஒலியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அலை ஒரு மீட்டர் தொலைவு செல்வதற்குள் முகடு தன் இடத்திலிருந்து முக்கால் மில்லிமீட்டர் முன்னேறிவிடும். 8.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் இது புறக்கணிக்கத்தக்கதன்று. அலையின் வடிவம் சாய்கிறது. வடிவம் மாறிய அலையில் முதலில் இல்லாத புதிய அதிர்வெண்கள் தோன்றியிருக்கும். 60 டெசிபெல் அளவுள்ள பேச்சொலியில் இதே விளைவு மூவாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால் அன்றாட வாழ்வில் நாம் அதனை உணர்வதில்லை.

வலிமை மிக்க இரு மீயொலிகள் ஒரே கற்றையில் சென்றால், புதிதாகத் தோன்றும் அதிர்வெண்களில் அவற்றின் கூட்டுத்தொகையும் வேறுபாடும் அடங்கும். எடுத்துக்காட்டாக, 40 கிலோஹெர்ட்சும் 41 கிலோஹெர்ட்சும் சேர்ந்து செல்லும்போது 81 கிலோஹெர்ட்ஸ் அலையும் 1 கிலோஹெர்ட்ஸ் அலையும் பிறக்கின்றன. முன்னதைக் காற்று விரைவில் உட்கவர்ந்துவிடும். பின்னது காதில் விழும்.

இதனை விம்மல் எனப்படும் நிகழ்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரு ஒலிகள் நேரியலாகக் கூடும்போது வீச்சு ஏறி இறங்குவதே விம்மல். அங்கு வேறுபாட்டு அதிர்வெண்ணில் உண்மையான அலை ஏதும் இல்லை. இங்கோ அவ்வலை காற்றில் உண்மையாகவே இருக்கிறது. அதற்கென அழுத்தமும் ஆற்றலும் உண்டு.

காற்றுப் பத்தியே ஒலிமூலம்

வேறுபாட்டு ஒலி, கற்றை செல்லும் வழி நெடுகிலும் ஒவ்வொரு புள்ளியிலும் சிறிது சிறிதாகப் பிறக்கிறது. 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி, இயல்பான ஈரப்பதமுள்ள அறைக் காற்றில் மீட்டருக்கு ஏறத்தாழ 1.3 டெசிபெல் வீதம் உட்கவரப்படுகிறது. ஆகவே முதல் மூன்று நான்கு மீட்டர் நீளமுள்ள காற்றுப் பத்தி முழுவதும், எண்ணற்ற சிறு ஒலிமூலங்களை ஒரே கோட்டில் அடுக்கியது போலச் செயல்படுகிறது. மீயொலியும் அதனிடமிருந்து பிறக்கும் ஒலியும் ஒரே வேகத்தில் செல்வதால், முன்னோக்கிய திசையில் எல்லாச் சிறு ஒலிகளும் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்து வலுப்பெறுகின்றன. பக்கவாட்டில் அவை வெவ்வேறு கட்டங்களில் வந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரு சாண் அகலமுள்ள தட்டு, பல மீட்டர் நீளமுள்ள ஒலிபெருக்கியின் வேலையைச் செய்வது இதனாலேயே.

கற்றையின் அகலத்தையும் கணக்கிடலாம். மேற்கண்ட உட்கவர்தல் அளவைக் கொண்டு வெஸ்டர்வெல்டின் சூத்திரப்படி கணக்கிட்டால், 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் செறிவு மைய அச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை விலகலில் பாதியாகிறது. 100 ஹெர்ட்சில் இக்கோணம் 30 பாகையைத் தாண்டுகிறது. எனவே, எல்லா ஒலியும் ஊசிபோலச் செல்லும் என விளம்பரங்களில் காணப்படும் கூற்று மிகையானது.

வரலாறு

இக்கருத்தை வகுத்தவர் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் பீட்டர் வெஸ்டர்வெல்ட். அவரது முழுமையான கட்டுரை 1963 இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அவர் மனத்தில் இருந்தது காற்றன்று, கடல்நீர். சிறிய கருவியைக் கொண்டு தாழ் அதிர்வெண்ணில் குறுகிய கற்றையை உண்டாக்குவது சோனார் துறைக்குப் பெரும் தேவையாக இருந்தது. 1965 இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பெர்க்டே, ஊர்தி அலையின் வீச்சு மாறும்போது என்ன ஒலி பிறக்கும் என்பதற்கு எளிய தீர்வு கண்டார். இன்றும் இவ்வகை ஒலிபெருக்கிகளின் வடிவமைப்பு அத்தீர்விலிருந்தே தொடங்குகிறது.

காற்றிலும் இது நிகழும் என்பதை 1975 இல் மேரி பெத் பென்னட், டேவிட் பிளாக்ஸ்டாக் ஆகியோர் செய்முறையில் காட்டினர். இசையையும் பேச்சையும் இவ்வழியில் ஒலிக்கச் செய்தது 1983 இல் யோனெயாமா தலைமையிலான ஜப்பானியக் குழு. அவர்கள் 547 சிறிய அழுத்தமின் ஆற்றல் மாற்றிகளை ஒரே தளத்தில் அடுக்கி, ஒலியின் ஒளிக்குவி விளக்கு எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர். ஒலி கற்றையாகச் சென்றது. ஆனால் உருத்திரிபு மிகுதியாக இருந்தது. பின்னர் 1990களின் இறுதியில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் மாணவராக இருந்த ஜோசப் பொம்பெய், குறிப்பலையை முன்கூட்டியே திருத்தி அனுப்புவதன் மூலம் இவ்வுருத்திரிபைப் பெரிதும் குறைத்தார்; 1999 இல் ஹோலோசானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே காலத்தில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் உட்டி நாரிஸ் என்னும் கண்டுபிடிப்பாளர் ஹைப்பர்சானிக் சவுண்டு என்ற பெயரில் தம் கருவியை உருவாக்கினார். அவருக்கு 2005 இல் லெமல்சன்-எம்ஐடி பரிசு வழங்கப்பட்டது.

பெர்க்டேயின் தீர்வும் அது தரும் சிக்கல்களும்

பெர்க்டேயின் தீர்வைச் சொற்களில் பின்வருமாறு கூறலாம்: தொலைவில் கேட்கும் ஒலியின் அழுத்தம், ஊர்தி அலையின் வீச்சு உறையை வர்க்கப்படுத்தி, அதனை நேரத்தைப் பொறுத்து இருமுறை வகைக்கெழுக் காணக் கிடைப்பதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். இந்த ஒரு வரியிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, இருமுறை வகைக்கெழுக் காண்பதால் அதிர்வெண் இரட்டிப்பாகும்போது ஒலியழுத்தம் நான்கு மடங்காகிறது. மறுபுறம் பார்த்தால், 1000 ஹெர்ட்சோடு ஒப்பிட 100 ஹெர்ட்ஸ் ஒலி நூறில் ஒரு பங்கு அழுத்தத்துடன், அதாவது 40 டெசிபெல் குறைவாகப் பிறக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியை இக்கருவியில் எதிர்பார்க்க இயலாது. பேச்சு நன்கு கேட்கும்.

இரண்டாவது, வர்க்கப்படுத்துவதால் உருத்திரிபு தோன்றுகிறது. வானொலியில் உள்ளது போல எளிய வீச்சுப் பண்பேற்றம் செய்தால், ஒற்றைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு அதிர்வெண்ணும் பிறக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டாவதன் அளவு முதலாவதோடு கொள்ளும் விகிதம் பண்பேற்றக் குணகத்துக்குச் சமமாக அமைகிறது: குணகம் 0.3 ஆனால் 30 விழுக்காடு, 1 ஆனால் முழுச் சமம். யோனெயாமா குழுவினர் எதிர்கொண்டது இதுவே. ஒலிக்குறிப்பை இருமுறை தொகையீடு செய்து, 1 ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதனைக் கொண்டு ஊர்தியைப் பண்பேற்றினால் கொள்கையளவில் உருத்திரிபு நீங்கும். ஆனால் வர்க்கமூலம் எடுத்த குறிப்பலைக்கு மிக அகன்ற அதிர்வெண் பட்டை வேண்டும். அதனை வெளியிடும் ஆற்றல் மாற்றி எளிதில் கிடைப்பதில்லை. ஒற்றைப் பக்கப்பட்டைப் பண்பேற்றம் ஓர் இடைவழி. அதில் ஒற்றைச் சுரத்துக்கு உருத்திரிபே இல்லை. பல சுரங்கள் சேரும்போது மட்டும் அவற்றிடையே சிறிய கலப்பு நிகழும்.

மூன்றாவது, மீயொலியின் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் கேட்கும் ஒலி நான்கு மடங்காகும். பாதியாக்கினால் கால் பங்காகும். அதாவது மீயொலியில் 30 டெசிபெல் குறைப்பது, கேட்கும் ஒலியில் 60 டெசிபெல் குறைப்பதற்கு ஈடு. பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

செய்து பார்த்தல்

மின்னணுவியலில் ஓரளவு பழக்கமுள்ள மாணவர் இக்கருவியின் எளிய வடிவத்தைச் செய்துவிட முடியும். தேவையான ஆற்றல் மாற்றிகள், தொலைவு அளக்கும் எந்திரன் கருவிகளில் பயன்படும் 40 கிலோஹெர்ட்ஸ் வகையே. கடைகளில் அல்ட்ராசோனிக் சென்சார் என்று கேட்டால் கிடைக்கும். அனுப்பும் வகையையே வாங்க வேண்டும், பெறும் வகையை அன்று. அவை பொதுவாக 16 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமுடையவை.

இவற்றைத் தேன்கூடு போல அறுகோண வடிவில் அடுக்குவது நல்லது. நடுவில் ஒன்று, அதனைச் சுற்றி 6, பின்னர் 12, 18, 24 என அடுக்கினால் மொத்தம் 61 ஆகும். 16 மில்லிமீட்டர் வகையானால் அடுக்கின் அகலம் 14.4 சென்டிமீட்டர், மீயொலிக் கற்றை ஏறத்தாழ 4 பாகைக்குள் அடங்கும். சதுரமாக அடுக்கினால் என்ன கேடு என்று கேட்கலாம். ஆற்றல் மாற்றிகளின் இடைவெளி அலைநீளத்தைவிடப் பெரிதாக இருப்பதால், நேர்த் திசையில் மட்டுமன்றி வேறு சில திசைகளிலும் அலைகள் ஒரே கட்டத்தில் சேர்ந்து கிளைக் கற்றைகளை உண்டாக்கும். 16 மில்லிமீட்டர் சதுர அடுக்கில் இவை 32 பாகை அளவிலும், அறுகோண அடுக்கில் 38 பாகை அளவிலும் தோன்றும். விலகல் கூடக்கூட ஒவ்வோர் ஆற்றல் மாற்றியும் தன்னளவில் குறைவாகவே ஒலிப்பதால் அவை வலுவிழக்கின்றன. 10 மில்லிமீட்டர் வகை இவ்வகையில் இன்னும் மேலானது. ஆனால் எண்ணிக்கையும் செலவும் கூடும்.

செய்பவர்கள் பெரும்பாலும் இடறுவது முனைகளின் குறியில்தான். ஒவ்வோர் ஆற்றல் மாற்றிக்கும் நேர்முனை, எதிர்முனை உண்டு. ஒன்றைத் தலைகீழாக இணைத்தால் அது சும்மா இருப்பதில்லை. மற்றொன்றின் ஒலியையும் அழித்துவிடும். 61 இல் 10 தலைகீழானால் மீதமாவது 51 அன்று, 41. கேட்கும் ஒலி அதன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பாதிக்கும் குறைவாகிவிடும். ஆகவே பற்றவைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். ஒன்றை நிலையாக ஒலிக்கச் செய்து, சோதிக்க வேண்டியதை அதன் எதிரே எப்போதும் ஒரே தொலைவில் வைத்து, கிடைக்கும் அலையை அலைகாட்டியில் பார்த்தால், முனை மாறியவை தலைகீழாகத் தெரியும். அதே சோதனையில், ஒத்ததிர்வு அதிர்வெண் மிகவும் விலகியவற்றையும் ஒதுக்கிவிடலாம். ஆற்றல் மாற்றிகளின் ஒத்ததிர்வு 1 கிலோஹெர்ட்ஸ் வரை முன்பின்னாக இருப்பது இயல்பு. அவ்வாறு விலகியவை கட்டத்தில் பிந்தியோ முந்தியோ ஒலிக்கும்.

மின்னோட்டத்தைப் பொறுத்தவரை, ஓர் ஆற்றல் மாற்றியின் மின்தேக்குத் திறன் ஏறத்தாழ 2.4 நானோ பாரட். 61 ஐப் பக்க இணைப்பில் இணைத்தால் 146 நானோ பாரட் ஆகிறது. 40 கிலோஹெர்ட்சில் இதன் மின்மறுப்பு 27 ஓம் மட்டுமே. சாதாரண ஒலிப் பெருக்கிச் சுற்றுகள் இந்த அதிர்வெண்ணில் இத்தகைய சுமையைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. மாஸ்ஃபெட் இணை ஒன்றைக் கொண்டு நிலைமாற்றி முறையில் இயக்குவதே எளிய வழி. நேர்மின் கூற்றைத் தடுக்க ஒரு மின்தேக்கியும், சதுர அலையின் உயர் சீரிசைகளைக் குறைக்கத் தொடரிணைப்பில் ஒரு மின்தூண்டியும் சேர்க்கலாம். 146 நானோ பாரட்டோடு 40 கிலோஹெர்ட்சில் ஒத்ததிர 108 மைக்ரோ ஹென்றி வேண்டும். இது தொடக்கப் புள்ளியே. ஒத்ததிர்வின்போது ஆற்றல் மாற்றி வெறும் மின்தேக்கி போல நடந்துகொள்வதில்லை. ஒத்ததிர்வில் ஆற்றல் மாற்றிகளின் மீதான மின்னழுத்தம் வழங்கியைவிட உயரக்கூடும் என்பதால், உற்பத்தியாளர் குறிப்பிடும் வரம்பை அலைகாட்டியில் பார்த்து உறுதி செய்த பின்னரே தொடர்ந்து இயக்க வேண்டும்.

பண்பேற்றத்துக்குத் துடிப்பகலப் பண்பேற்றமே மாணவர்களுக்கு எட்டக்கூடியது. டிஎல்494 என்னும் தொகுசுற்றில் 1 நானோ பாரட் மின்தேக்கியும் 27 கிலோ ஓம் அளவில் மாற்றத்தக்க மின்தடையும் இணைத்தால் 40 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒலிக்குறிப்பு துடிப்பின் அகலத்தை மாற்றும். இங்கு, குறிப்பு இல்லாதபோது துடிப்பு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பது முக்கியமான வினா. சதுர அலை என்றதும் பாதிக்குப் பாதி என்று வைத்துவிடுவது வழக்கம். அது தவறு. அடிப்படை அதிர்வெண்ணின் வீச்சு, துடிப்பு அகலத்தின் பங்கை 180 பாகையால் பெருக்கிய கோணத்தின் சைனுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பாதி என்னும்போது கோணம் 90 பாகை. சைன் உச்சத்தில் உள்ளது. அங்கிருந்து அகலம் கூடினாலும் குறைந்தாலும் வீச்சு குறையவே செய்யும். விளைவாக, பாடகர் ஒரு சுரத்தைப் பாட, கருவி அதன் இரு மடங்கு அதிர்வெண்ணை ஒலிக்கும்.

துடிப்பு கால் பங்காக இருக்கும்படி அமைத்தால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. அகலம் 0.25 ஆகும்போது வீச்சின் வர்க்கம் 0.5. அகலம் 0.30 ஆனால் வர்க்கம் 0.65, 0.20 ஆனால் 0.35. இன்னும் விலகி 0.35, 0.15 என்று போனாலும் 0.79, 0.21 என ஏறத்தாழ நேர்கோட்டிலேயே மாறுகிறது. காற்று வர்க்கப்படுத்தித் தருவது இந்த அளவையே என்பதால், வர்க்கமூலம் எடுக்கும் வேலையைத் துடிப்பகலப் பண்பேற்றம் தானாகவே செய்துவிடுகிறது எனலாம். டிஎல்494 இல் துடிப்பின் ஓர் ஓரம் மட்டுமே நகர்வதால் கட்டமும் சிறிது மாறும். நுண்கட்டுப்படுத்தியைப் பயன்படுத்துவோர் துடிப்பின் நடுவை நிலையாக வைத்து இரு ஓரங்களையும் நகர்த்தி இதனைத் தவிர்க்கலாம்.

மலிவான ஆற்றல் மாற்றிகளின் பட்டை அகலம் 2 கிலோஹெர்ட்ஸ் அளவுதான். அதனால் உயர் சுரங்களின் பக்கப்பட்டைகள் வலுவிழக்கும். ஆனால் பெர்க்டேயின் தீர்வுப்படி உயர் சுரங்கள் மிகுந்து பிறக்க வேண்டியவை. இவ்விரு குறைகளும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்வதால், பழைய தொலைபேசியில் கேட்பது போன்ற, ஆயினும் சொற்கள் புரியும் ஒலி கிடைக்கிறது.

சோதித்தலும் ஒரு பொய்த்தோற்றமும்

கருவியைச் சுவரை நோக்கித் திருப்பினால் ஒலி சுவரிலிருந்து வருவது போலக் கேட்கும். மீயொலியும் ஒலியும் கண்ணாடியில் ஒளி பட்டது போலத் தெறித்துத் திரும்புவதே காரணம். கற்றைக்கு வெளியே நிற்பவருக்கும் சிறிது கேட்பதற்குப் பெரும்பாலும் இத்தெறிப்பே காரணம். வெறும் சுவர்களுள்ள வகுப்பறையைவிடத் திரைச்சீலைகள் உள்ள அறையில் வேறுபாடு நன்கு புலப்படும்.

ஒலிவாங்கியைக் கொண்டு அளக்க முயல்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வலிய மீயொலி விழும்போது ஒலிவாங்கியின் சவ்வும் அதன் மின்சுற்றும் தாமே நேரியலற்று நடந்து, காற்றில் இல்லாத ஒலியை இருப்பதாகக் காட்டும். கருவிக்கு அருகே ஒலிவாங்கி பெரிய அளவைக் காட்டுவதும் காதுக்கு அவ்வளவு கேட்காததும் இதனாலேயே. ஒலிவாங்கியின் முன், அதனைத் தொடாதவாறு மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து வைத்தால் மீயொலி பெரிதும் தடுக்கப்படும். கேட்கும் ஒலி ஊடுருவும். தாளை வைத்தவுடன் அளவு வீழ்ந்தால் முன்பு கண்டது பொய்த்தோற்றம் என அறியலாம்.

உடல்நலமும் பாதுகாப்பும்

காற்றிலிருந்து உடலுக்குள் மீயொலி மிகக் குறைவாகவே நுழைகிறது. காற்றுக்கும் தசைக்கும் உள்ள ஒலி மறுப்பு வேறுபாட்டால் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உட்செல்லும். மீதி தோலில் தெறித்துவிடும். எனவே மருத்துவ வருடியோடு இதனை ஒப்பிடுவது பொருந்தாது. கவலைக்குரிய வழி காது.

பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சங்கத்தின் குழு 1984 இல் வெளியிட்ட இடைக்கால வழிகாட்டல், பொதுமக்களுக்கு 25 கிலோஹெர்ட்சும் அதற்கு மேலும் 100 டெசிபெலை வரம்பாகப் பரிந்துரைத்தது. தொழிலாளர்களுக்கு 110 டெசிபெல். இதன் பின்னர் போதிய புதிய ஆய்வுகள் இன்றியே இவ்வகைக் கருவிகள் பொது இடங்களுக்கு வந்துவிட்டன என, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் திமோதி லெய்ட்டன் 2016 இல் அரச கழகத்தின் ஆய்விதழில் சுட்டிக்காட்டினார். காற்றில் பரவும் மீயொலியால் தலைவலி, குமட்டல், காதிரைச்சல் ஏற்படுவதாகக் கூறுவோரின் முறையீடுகளை அவர் அதில் ஆராய்ந்துள்ளார்.

இங்குதான் முன்பு கூறிய வர்க்க விதி குறுக்கிடுகிறது. ஓரிடத்தில் 130 டெசிபெல் மீயொலி 60 டெசிபெல் பேச்சொலியைத் தருவதாக வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு கருதி மீயொலியை 100 டெசிபெலுக்குக் குறைத்தால், கேட்கும் ஒலி 60 டெசிபெல் குறைந்து சுழிக்கு வந்துவிடும். அதாவது, கருவி பயனுள்ளதாக இருப்பதற்கும் பழைய வரம்புக்கு உட்படுவதற்கும் இடையே உண்மையான இழுபறி உள்ளது. கேட்பவரைத் தொலைவில் நிறுத்தி, மீயொலி அவரை அடையுமுன் காற்றில் உட்கவரப்படச் செய்வது ஒரு வழி. ஒலி ஏற்கெனவே பிறந்துவிட்டதால் அது தொடர்ந்து செல்லும்.

வீட்டில் செய்பவர்களுக்கு இது ஏட்டளவிலான செய்தி அன்று. ஒற்றை 40 கிலோஹெர்ட்ஸ் ஆற்றல் மாற்றியே 30 சென்டிமீட்டர் தொலைவில் 110 டெசிபெல் அளவைத் தாண்டக்கூடியது. 61 ஆற்றல் மாற்றிகள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் கொள்கையளவில் மேலும் 35 டெசிபெல் கூடும். கேட்காத ஒலி என்பதால் அருகில் காதை வைத்துப் பார்க்கும் ஆவல் எழும். காதைக் காக்கும் இயல்பான கூச்சம் இங்கு எச்சரிப்பதில்லை. முகத்தைக் கற்றையில் அண்மையில் வைக்காமலும், மின்சுற்றைச் சரிசெய்யும்போது தட்டைத் துணியால் மூடியும் வேலை செய்ய வேண்டும். மேலும், மனிதருக்குக் கேட்காதது மற்ற உயிர்களுக்கும் கேட்காது என்று கருதக் கூடாது. நாய்களுக்கு ஏறத்தாழ 45 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் பூனைகளுக்கு 60 கிலோஹெர்ட்சுக்கு மேலும் கேட்கும். நமக்கு அமைதியாகத் தோன்றும் இக்கருவி, அறையிலுள்ள பூனைக்குத் தாங்கொணாத கூச்சலாக இருக்கலாம்.

பயன்பாடுகள்

அருங்காட்சியகங்களில் ஒவ்வொரு காட்சிப்பொருளின் முன் நிற்பவருக்கு மட்டும் விளக்கம் கேட்கச் செய்வது இக்கருவியின் பரவலான பயன். நூலகங்கள், கடைகளின் காட்சித் திரைகள் ஆகியவற்றிலும் இது இடம்பெற்றுள்ளது. காற்றைவிட நீரின் அடியிலேயே இத்தத்துவம் நிலைத்த இடத்தைப் பெற்றுள்ளது. நார்வேயின் காங்ஸ்பெர்க், ஜெர்மனியின் இன்னோமார் ஆகிய நிறுவனங்களின் பாராமெட்ரிக் ஒலியளவிகள், சிறிய தலைப்பகுதியிலிருந்தே தாழ் அதிர்வெண் கற்றையை உண்டாக்கி, கடற்படுகைக்குக் கீழுள்ள வண்டல் அடுக்குகளையும் புதைந்த குழாய்களையும் காட்டுகின்றன.

விளம்பரத்துறையில் இது சர்ச்சைக்கும் உள்ளானது. 2007 டிசம்பரில் நியூயார்க்கின் பிரின்ஸ் தெருவில், ஆவிகள் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக வைக்கப்பட்ட விளம்பரப் பலகை, கீழே நடந்து செல்வோரின் காதில் மட்டும் ஒரு பெண் குரலை முணுமுணுக்கச் செய்தது. பக்கத்தில் வருபவருக்குக் கேட்காத குரல் தனக்கு மட்டும் கேட்பது பலரைத் திடுக்கிடச் செய்தது. சுவரொட்டியைக் காண விரும்பாதவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். காதுக்கு அத்தகைய இமை இல்லை. குரல்கள் கேட்பதை நோயின் அறிகுறியாகக் கொண்டவருக்கு இத்தகைய விளம்பரம் என்ன செய்யும் என்ற கேள்வியும் இதில் அடங்கியுள்ளது.

குழப்பிக்கொள்ளப்படும் கருவிகள்

காவல்துறையும் கப்பல்களும் பயன்படுத்தும் எல்ராட் என்னும் நெடுந்தொலைவு ஒலிக்கருவி, மீயொலியால் இயங்குவதாகப் பல இடங்களில் எழுதப்படுகிறது. அது தவறு. இரண்டையும் தொடக்கத்தில் ஒரே அமெரிக்க நிறுவனம் உருவாக்கியதே இக்குழப்பத்துக்குக் காரணம். எல்ராட், கேட்கும் ஒலியையே பெரிய தட்டிலிருந்து மிக உரக்க வெளியிடுவது. 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் அளவில் அலைநீளம் 11 முதல் 17 சென்டிமீட்டர் என்பதால், அகன்ற தட்டு அதனை ஓரளவு குவித்துவிடுகிறது. தலைக்கு மேல் தொங்கும் கவிகை வடிவ ஒலிபெருக்கிகளும் மீயொலியைப் பயன்படுத்துவன அல்ல. அவை பரவளைய வடிவக் குழிவிலிருந்து ஒலியைத் தெறிக்கச் செய்து கீழே நிற்பவரிடம் சேர்க்கின்றன.